பதினொரு நிமிடம்

நஸ்ரின் அனுப்பிய எக்ஸெல் தாளில்
ஏழு கடிகாரங்கள், பத்தொன்பது பத்திகள்.
எடை, விலை, உச்சி வெயிலில் திரை தெரியுமா,
ஜிபிஎஸ் ஓடினால் எத்தனை மணி நேரம் தாங்கும்,
நீந்திக் கரையேறி ஈர விரலால் தொட்டால்
சொன்னபடி கேட்குமா.
கடைசிப் பத்திக்கு 'மனசுக்கு' என்று தலைப்பு.
அது காலி.
'அதை நீங்களே போட்டுக்குங்க,
நான் மருந்துக் கடைக்காரி, ஜோசியக்காரி இல்ல.'

இரவு ஒன்பதுக்கும் வெளியே முப்பத்தெட்டு டிகிரி.
அபுதாபி மாலின் இரண்டாம் தளத்தில்
ஆர்வின் மூன்று பெட்டிகளைத் திறந்து
நாடி பார்க்கிறவர் போல என் மணிக்கட்டைப் பிடித்தார்.
முதல் கடிகாரம் எண்பத்தெட்டு என்றது.
அடுத்தது தொண்ணூற்று நான்கு.
மூன்றாவது கொஞ்சம் யோசித்துவிட்டு
இரண்டு கோடு மட்டும் காட்டியது.
இருந்தது ஒரே இதயம்,
விலைச் சீட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தது.

'இது ரெண்டு அலைவரிசையில் பிடிக்கும் சார்,
எவ்வளவு உயரமான கட்டடத்துக்கு நடுவிலும்
உங்களை விடாது.'

விடாது.
பகல் முழுக்க என் உத்தியோகமே அதுதான்.

முசாஃபாவில் ஜன்னல் இல்லாத அறை,
இரண்டு திரை, அறுபத்து மூன்று லாரி.
பச்சைப் புள்ளி ஓடுகிறது, மஞ்சள் நிற்கிறது,
சாம்பல் என்றால் வானத்துக்குத் தெரியவில்லை,
நான் போனை எடுக்க வேண்டும்.
போன ஜூனில் ருவைஸ் சாலையில்
குல் ஸமான் பதினொரு நிமிடம் சாம்பலாக இருந்தான்.
எங்கே போனாய் என்றேன்.
எங்கும் போகவில்லை சாப்,
தலை சுற்றியது, பாலத்துக்கு அடியில் நிறுத்தினேன்,
அங்கேதான் நிழல் இருந்தது என்றான்.
காரணம் என்ற கட்டத்தில் நான்கு தெரிவுகள்:
டீசல், பழுது, போலீஸ், மற்றவை.
மற்றவையை அழுத்தினேன்.
மாதக் கடைசியில் நாற்பது திர்ஹம் பிடித்தார்கள்,
அவன் சம்பளத்தில்.

'தண்ணீரில்?' என்று கேட்டேன்.
ஆர்வின் முதல்முறையாக விற்பனைக் குரலை விட்டார்.
'தண்ணீரில் எல்லாமே கஷ்டம்தான் சார்.
கை உள்ளே போனால் சாட்டிலைட் விட்டுடும்,
வெளியே வந்தால் திரும்பத் தேடும்.
நடுவில் உள்ளதைக் குத்துமதிப்பாக நிரப்பிக்கும்.
விலை கூடினது கொஞ்சம் அழகா நிரப்பும்.'

அழகு வேண்டாம் என்று
ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்பதுக்கு
நடுவில் இருந்ததை வாங்கினேன், நான்கு தவணை.
'பட்டையை இறுக்காதீங்க, வேர்க்குரு வரும்' என்றார்.
இறுக்கினேன். வந்தது.

ஹுதைரியாத்தில் காலை ஐந்துக்கு
கடல் வெந்நீர்த் தொட்டி மாதிரி இருந்தது.
மிதவைக்கும் கரைக்கும் நேராகத்தான் நீந்தினேன்.
வரைபடத்தில் நான்
உயிர்காப்பாளர் நாற்காலியை இரண்டு முறை கடந்து
கார் நிறுத்துமிடத்தில் திரும்பியிருந்தேன்.
நஸ்ரின் சிரித்து ஓய்ந்து,
'நாப்பது நிமிஷத்தில் பாதி நேரம்
உங்க கை தண்ணிக்குள்ளதானே,
பாதி நீச்சல் அதோட கற்பனை' என்றாள்.

பிறகு சைக்கிள்.
சூரியன் ஏறியதும் கழுத்துக்குப் பின்னால்
யாரோ இஸ்திரிப் பெட்டி வைத்தார்கள்.
அறுபதாவது கிலோமீட்டரில்
சாலை ஓரம் பொட்டுப் பொட்டாகக் கறுத்தது.
பாலத்துக்கு அடியில் போய் இறங்கினேன்.
இறங்கினேன் என்பதைவிட
சைக்கிளோடு சாய்ந்தேன் என்பது சரி.

கடிகாரம் ஒரு முறை அதிர்ந்தது.
தொடரவா, சேமிக்கவா, அழிக்கவா.
அவ்வளவுதான் கேட்டது.

மேலே லாரிகள் போக, தூண் நடுங்கியது.
கான்கிரீட்டில் முதுகை ஒட்டிக்கொண்டு
எண்ணைப் பார்த்தபடி இருந்தேன்.
நூற்று எழுபத்தொன்று.
நூற்று அறுபத்து நான்கு.
தண்ணீர் பாட்டிலில் ஒரு வாய் மிச்சம், கொதித்தது.
ஐந்தாவது நிமிடம் நூற்று நாற்பது.
பதினொன்றாவது நிமிடத்திலும்
நூற்றுப் பதினெட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.