ஆணியில் ஒரு நோட்டு

மூன்றாம் படிவத்தைக் கொண்டுவந்தவன் நான்தான்.
போன வருடம் டீக்கணக்கில் நாற்பது ரூபாய் உதைத்தது.
எல்லோரும் என் சட்டைப்பையையே பார்த்தார்கள்.
அதற்கப்புறம்
துடைப்பம் கேட்க ஒரு படிவம்,
எடுத்ததற்கு ஒன்று,
கேட்டும் எடுக்காமல் விட்டதற்குக்
காரணம் கோரி ஒன்று.

தேவனாம்பட்டினம் கடற்கரை
மன்றத்து அறையிலிருந்து கூப்பிடு தூரம்.
குப்பை அள்ளப் போய்ச் சேரப்
பதினேழு நாள் ஆனது.
ரப்பர் முத்திரை துணைச்செயலாளர் பையில்,
பை பண்ருட்டியில்,
அவன் அக்கா கல்யாணத்தில்.
அதற்குள் பாதியை அலை கொண்டுபோயிருந்தது,
மீதியை மணல் மூடியிருந்தது.

நேற்று மெஹருன்
படிவக்கட்டுகளைத் தூக்கி எடைக்குப் போட்டாள்.
ஆறு கிலோ.
வந்த காசில் எல்லோருக்கும் டீ.
யாரும் கணக்கு எழுதவில்லை;
எனக்குத்தான் கை துறுதுறுத்தது.

இப்போது ஆணியில் ஒரு நோட்டு,
நூலில் ஒரு பேனா.
முதல் பக்கத்தில் யாருடைய எழுத்தோ:
‘கையுறை பன்னிரண்டு ஜோடி எடுத்தோம்.
பதினொன்றரை திரும்பியது.
ஒற்றைக் கை கடலிடம்.’

கீழே
நான் கையெழுத்துப் போட இடமே விடவில்லை.
இரண்டு முறை தேடிப் பார்த்தேன்.