வெறுவயிறு

ஒட்டுசுட்டான் ஆஸ்பத்திரியின் பின்னறை.
குடும்ப மருத்துவம் படிக்கும் ஐந்து பேர்,
இரண்டு மின்விசிறி, ஒன்று சுற்றும்.
பலகையில் என் கையெழுத்து:
கேள்வி தெளிந்தால் தரவு தெளியும்.

தர்மிளா கை தூக்கவில்லை, எழுந்தே நின்றாள்.
"சேர், வினாக்கொத்தில ஆறாவது கேள்வி,
'சாப்பிடாமல் வந்தீர்களா?'
நாற்பத்தேழு பேரும் ஓம் எண்டினம்.
காலமை நான் பஸ் தரிப்பிடத்தில நிண்டனான்.
முத்தையன்கட்டு பஸ் வர ஒன்பதரை.
இறங்கின ஆக்கள் நேரே கடைக்குத்தான் போனவை.
பிளேன்ரீ, ஒரு பணிஸ்.
நாகபூசணி அன்ரி வாயைத் துடைச்சுப்போட்டு வந்து
எனக்கும் ஓம் எண்டா."

சிரித்தார்கள்.
ஒருவன் கொப்பியில் 'பொய்' என்று குறித்தான்.

"பொய்யெண்டு எழுதாதை.
போன மாதம் இல்லையெண்டு சொன்ன ஆக்களை
இரத்தம் எடுக்காமல் திருப்பி அனுப்பினது நாங்கள்.
அடுத்த பஸ் ரண்டு மணிக்கு."

நான் பலகை துடைக்கும் துணியைத் தேடினேன்.

எட்டு வருடம் முந்தி, என் ஆய்வு.
இதே வாங்குகள், இதே கேள்வி,
முந்நூற்றுப் பன்னிரண்டு ஓம்.
அட்டவணை மூன்று.
கொழும்பில் அதற்கொரு பரிசும் தந்தார்கள்,
கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது.
அந்த ஓம்களில் எத்தனை பணிஸ்?
எத்தனை பேருக்கு மாத்திரையைக் கூட்டினேன்,
எத்தனை பேர் வயலில் தலைசுற்றி இருந்தார்கள்?
அதை நான் கேட்கவில்லை.
கேட்க ஒரு பெட்டி இருக்கவில்லை.

"ஆறாவதை என்ன செய்யிறது, சேர்?"

அவளுடைய தாளில் அது ஏற்கெனவே வெட்டியிருந்தது.
பக்கத்தில், பென்சிலால்:
வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிட்டீங்கள்?
கீழே ஓம் இல்லை, இல்லையும் இல்லை.
மூன்று வெறுங்கோடுகள்.