மாதிரி எட்டு

பாசடீனாவில் பின்னிரவு மூன்று.
கிராசியேலாவின் கைக்கடிகாரத்தில் மட்டும்
செவ்வாயின் உச்சிப்பொழுது.

துளைத்தாயிற்று.
இருபது நிமிடம் இருட்டில் பயணித்து
வந்து சேர்ந்த படத்தில்
குழாயின் அடி பளிச்சென்று தெரிகிறது.
கல் இல்லை.

முன்னூறு கோடி ஆண்டு
கெட்டியாய்க் கிடந்தது,
விரல் தடிமன் துரப்பணம் தொட்டதும்
மாவாய் உதிர்ந்துவிட்டது.

“காற்றாவது மாட்டியதே” என்றான் ஹாகோப்,
ஆறிய காப்பியைக் கலக்கிக்கொண்டே.
யாரும் சிரிக்கவில்லை.
மூடி முத்திரையிடச் சொல்லிக் கட்டளை அனுப்பினாள்.
பதிவேட்டில் எழுதினாள்:
எட்டு. காற்று.
இடம், ஆழம், நேரம், வெயிலின் கோணம்.

வெளியே, கார் நிறுத்தத்தில்
சாவிக்குக் கைவிட்டபோது
கோட்டுப்பையில் தட்டுப்பட்டது
போன மாதமோ அதற்கு முன்போ
மகன் போட்டுவைத்த கூழாங்கல்.

எந்த ஆற்றுடையது என்று
அன்றைக்கு
கேட்டுவைக்கவில்லை.