முப்பத்தோராவது

சரிவுப் பலகையை இறக்கியாயிற்று.
பனிமூட்டத்தில் யூக்கலிப்டஸ் வரிசை
பாதிதான் எழுந்திருக்கிறது.
ஆர்ட்டிகாஸில் ஜூன் மாத விடியலில்
ஔசென்சியோவின் நாய்க்கு மட்டும் அவசரம்.

தாளில் முப்பத்தொன்று. முப்பது ஏறிவிட்டன.
நான் மாட்டை முதலில் பார்ப்பதில்லை.
அது நின்றுவிட்டுப் போன மண்ணைப் பார்ப்பேன்:
நாலு குளம்பும் ஒரே ஆழமா?

கடைசிப் பசுவின் இடது பின்னங்கால்
தேய்ந்த ரப்பர் முத்திரைபோல்
பாதிதான் பதிந்திருந்தது.
அடிக்கு ஒருதரம் தலை தாழ்ந்து
யாரோ கேட்டதற்கு ஆமாம் என்றது.

"நடக்குதே" என்றார்.
நடக்கிறது.
லாரிக்குள் நடக்க வேண்டியதில்லை, ஔசென்சியோ,
நிற்க வேண்டும். ஒன்பது மணி நேரம்.
வளைவுக்கு வளைவு
முப்பது உடம்பின் கனம் அதன்மேல் சாயும்.
விழுந்தால் எழ இடமில்லை.
கானெலோனெஸ் கசாப்புத் தொழிற்சாலை வாசலில்
சங்கிலி கட்டி ஒன்றை இழுத்து இறக்கினார்கள்.
நான் ஓட்டிப்போன லாரி அது.

"நொண்டிச் சாக்கு சொல்றே, சுல்மா."
இருக்கட்டும்.
சாக்கு என்னுடையது, நொண்டல் அதனுடையது.
எண்ணை அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம்தான் தொப்பியைக் கழற்றினார்.
இடுப்பைப் படமெடுக்க நகரத்துக்குப் போகணுமாம்,
முன்சீட்டில் இடம் உண்டா?
பழக்கதோஷம்,
அவர் பூட்ஸ் தடத்தைப் பார்த்தேன்.
வலது ஆழம்.
இடது பாதி.

"ஒன்பது மணி நேரம் உட்கார முடியுமா?"
"மாட்டைக் கேட்டியா நீ?"

கை கொடுத்து ஏற்றினேன். உட்கார்ந்தவர்
கதவைச் சாத்தவில்லை.
"ஒரு வேலை பாக்கி" என்று
ஒவ்வொரு படியாக இறங்கினார்.
கொட்டகைச் சுவரிலிருந்து துப்பாக்கியை எடுத்தார்.
மற்ற கையில் ஒரு வாளித் தண்ணீர்.

ஏற்றாமல் விட்டதைக்
காப்பாற்றியதாகக் கணக்கெழுத முடியாது.
குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.
எஞ்சினை முடுக்கினேன்,
முப்பதுக்கும் கேட்காதிருக்க.
கேட்டது.
தகரத்தில் கொம்புகள் ஒருமுறை உரசி அடங்கின.

டாக்குவரெம்போ வரை நாங்கள் பேசவில்லை.
மாத்தே குடுவையை அவர் நிரப்பவுமில்லை.
வளைவு தெரியுமுன்பே பிரேக்கை மிதித்தேன்,
மெதுவாக, மிக மெதுவாக.
கேட்டிருந்தால்
பின்னால் நிற்பவற்றுக்காக என்றிருப்பேன்.
அவர் கேட்கவில்லை.