நெகிழாத் தேவை

ரியேக்காவில், மலைச்சரிவுப் பல்கலைக்கழகத்தில்
செவ்வாய் காலை எட்டு மணி வகுப்பு:
மேலாண்மைப் பொருளியல்.
பேராசிரியர் பலகையில் ஒரு கோடு இழுத்தார்,
ஏறக்குறைய செங்குத்தாக.
"விலை ஏறினாலும் இவர்கள் வாங்காமல் இருக்க மாட்டார்கள்.
உதாரணம்?"
இன்சுலின் என்றான் வில்கோ.
சிகரெட் என்றாள் நிவெஸ், அதே வாசனையோடு.
நான் கப்பல் என்றேன்.
"எந்தக் கப்பல்?"
"எங்கள் தீவுக்குப் போகிற கப்பல்."
வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.
கோட்டின் அடியில் சின்னதாய் ஒரு கப்பல் வரைந்தார்.

அந்தப் பாடம் ஒரு தொற்று.
மூன்று பேர் இருந்த அறையில்
நான்காவது ஆளைச் சேர்ப்பதா என்று விடிய விடியப் பேசினோம்:
இறுதிநிலைச் செலவு ஒரு மெத்தை,
காலையில் குளியலறைக்கு வெளியே இருபது நிமிடம்.
டாமிரைப் பிரிந்தபோது
மூன்று வருடத்தை மூழ்கிய செலவு என்று எழுதி மூடினேன்.
மூழ்கியதைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, நான்காம் பாடம்.
ஆனாலும் துறைமுகத்தில் நின்று
தண்ணீரைக் குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்,
பரீட்சை வரை.

இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?
துறையின் வழுவழு கையேடு சொன்னது:
ஆலோசகர், விலைப் பகுப்பாய்வாளர், வங்கி, அமைச்சகம்.
பக்கத்தில் வெற்றுக் கோப்பை அணைத்தபடி சிரிக்கும் ஒரு பெண்.
வில்கோ டப்ளினில் காப்பீட்டுக்காரர்களின் தொலைபேசியை எடுக்கிறான்.
நிவெஸ் அப்பாவின் டயர் கடைக்கே திரும்பினாள்.
முதல் பனி விழுவதற்குப் பத்து நாள் முன்பு
குளிர்கால டயருக்குத் தள்ளுபடியை நிறுத்தினாள்.
எங்கள் எல்லாரையும்விட அவள்தான் சம்பாதிக்கிறாள்.
எனக்குப் பதினேழு விண்ணப்பங்கள், பதினாறு மௌனம்,
ஒரு "வருந்துகிறோம்".
பதினெட்டாவது, கப்பல் நிறுவனம்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், ஒரு தண்ணீர்க் கூஜா.
"கோடையில் சுற்றுலாக்காரர்கள். விலை பிடிக்காவிட்டால்
வேறு தீவுக்குப் போய்விடுவார்கள்.
குளிர்காலத்தில் கட்டணத்தை என்ன செய்வீர்கள்?"
செங்குத்துக் கோடு நினைவுக்கு வந்தது, அடியில் கப்பலோடு.
"ஏற்றுவேன்" என்றேன்.
மூன்று பேனாக்களும் ஒரே நேரத்தில் எழுதின.

ஜனவரி. திரையில் ஏழாவது நெடுவரிசை:
வெள்ளி, காலை ஆறு நாற்பது, பயணிகள் முப்பத்தொன்று.
தரவில் பெயர் கிடையாது. எனக்குத்தான் தெரியும்.
ஒன்று பியெரோ, எங்கள் தெருக் கோடி வீடு,
வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
அவரை வரைபடத்தில் போட்டால்
கொடிக்கம்பம் மாதிரி நிற்பார்.

தீவுக்காரர்களுக்குக் குறைந்த கட்டணம் என்று
நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
விலைப் பாகுபாடு, ஒன்பதாம் பாடம்.
பாகுபாடு என்பதை நல்ல வார்த்தையாக
நான் கேட்ட ஒரே இடம் அந்த வகுப்பு.
இயக்குநர் முழுக்கப் படித்தார், அதைச் சொல்லியாக வேண்டும்.
"ஜனவரியில் ஏறுவது எல்லாரும் தீவுக்காரர்கள்தானே?
யாரிடமிருந்து யாரைப் பிரிப்பது?"
கணக்கில் தப்பே இல்லை.
ஐந்து சதவீதம் ஏறியது. தாளில் என் கையெழுத்தும் இருந்தது.

அந்த வெள்ளி மாலை புரா காற்று.
கடைசிக் கப்பல் ரத்து.
துறைமுகக் காபிக் கடையில் பியெரோ,
கையில் பஞ்சு ஒட்டிய பிளாஸ்திரி.
நீ அந்த அலுவலகத்தில்தானே என்று கேட்டார்.
சம்பளம் கேட்டார்.
இருநூறு யூரோ குறைத்துச் சொன்னேன்.
"நல்ல வேலை. விட்டுவிடாதே."
என் சட்டைப்பையில் ஊழியர் அட்டை இருந்தது;
எனக்குப் பயணம் இலவசம் என்பதைச் சொல்லவில்லை.

காபிக்கு அவரே கொடுத்தார், சில்லறையாக எண்ணி.
அதுவும் விலை ஏறியிருந்தது.