ஏதோ ஓர் உள்ளான்

புது பஸ் ஸ்டாண்டின் டீசல் புகையைக் கடந்தால்
வேய்ந்தான்குளம்.
கழுத்தில் பைனாகுலர், பையில் நாற்பது பக்க நோட்டு.
டீக்கடை செல்லக்குட்டி தினமும் கேட்பான்:
"என்ன சார், இன்னைக்கு எத்தன உருப்படி?"

நாமக்கோழி நூற்றுப் பன்னிரண்டு.
நீர்க்காகம் ஒன்பது. அதில் ஒன்று
சிறகை விரித்துக் காயப்போட்டிருக்கிறது,
வாடகைக்கு எடுத்த கோட்டு மாதிரி.
பாலிதீன் பை ஒன்றைக் கொக்கென்று எண்ணி
அடித்துத் திருத்தினேன்.

சேற்றோரம் வாலை ஆட்டியபடி ஒரு சின்னது.
முதுகில் இருந்தது புள்ளியா வெயிலா என்று
குவியம் திருப்புவதற்குள் பறந்துவிட்டது.
தெரியாததைத் தெரியாததென்றே எழுத வேண்டும்,
எங்கள் கூட்டத்தில் அதுதான் ஒழுங்கு.
'உள்ளான், ஏதோ ஒன்று: 1.'

அப்பா போன பிறகு
பீரோவில், எல்.ஐ.சி. ரசீதுகளுக்கு நடுவே
அவர் கையெழுத்தில் அரைத்தாள்:
'பூட்டன் வேதத்துக்கு வந்தது கிருபாபுரத்தில்.'
தேரிக்காட்டுக்கு மூன்று பஸ் மாறிப் போனேன்.
கோயில்பிள்ளை இம்மானுவேல்
மேசைமேல் துண்டை விரித்து, அதன்மேல் பதிவேட்டை வைத்தார்,
பிறந்த பிள்ளையைக் கிடத்துவதுபோல.

ஒரே ஞாயிறு, நாற்பத்து மூன்று பேர்.
பழைய பெயர், புதுப்பெயர், தொழில்.
பதினேழாம் வரி: சுடலைமாடன், வேதமாணிக்கம், பனையேற்று.
இருபத்தொன்பதாம் வரி: சுடலைமாடன், வேதமாணிக்கம், பனையேற்று.
தகப்பன் பெயர் இருந்த இடத்தில்
ராமபாணம் போன பாதை.
வேதத்தை ராமபாணம் தின்றதா என்று
நான் சிரித்தது இம்மானுவேலுக்குப் பிடிக்கவில்லை.

இருபத்தொன்பதாம் ஆளின் ஓரத்தில்
வேறு மையில், வேறு கையில்:
'பின்வாங்கிப் போனான்.'

அண்ணன் போனில் சொன்னான்,
"இதுல என்னலே சந்தேகம், பதினேழுதான். முடிச்சுவிடு."
முடிக்கலாம்தான்.
ஆனால் அப்பா,
ஞாயிறு தவறாமல் காணிக்கைப் பை எடுத்தவர்,
வருஷத்தில் ஒருநாள், பங்குனி உத்திரத்தன்று,
பள்ளிக்கூடத்துக்குத் தலைவலி என்று எழுதிக்கொடுத்துவிட்டு
எங்கோ போய் இருட்டினபின் வருவார்.
அம்மா எதுவும் கேட்டதில்லை.
வாசலில் அவர் செருப்பைத் தட்டி வைப்பாள்.
சிவப்பாக உதிரும் மண்.
பாளையங்கோட்டையில் அந்த நிறத்தில் மண் கிடையாது.

தேரியில் சாஸ்தா கோயில்கள் எத்தனை என்று
இம்மானுவேலிடம் கேட்டேன்.
"நமக்கு எதுக்கு சார் அது" என்றவர்
பஸ் வரும்வரை கூட நின்று,
பஸ் வந்ததும்,
"கிழக்க ஒண்ணு இருக்கு. கொல்லாமரத் தோப்புக்குப் பின்னால.
எங்க ஆள்களும் போவாக" என்றார்.

பியூலா வரைந்த குடும்ப மரத்தில்
மேல் கிளை இன்னும் காலி.
பென்சிலில் இரண்டு வட்டம் போட்டிருக்கிறேன்.
ஒன்றை அழிக்க ரப்பரை எடுப்பேன், வைப்பேன்.

பங்குனி உத்திரத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.
காரணம் என்ற கட்டத்தில்
'பறவை பார்க்க' என்று போட்டேன்.