பதினாலு சுற்று

பதினாலு சுற்றில் திறக்கிற வால்வு இது.
தண்டு வெளியே எழும்பாத வகை;
உள்ளே கதவு ஏறிற்றா என்று
கண்ணால் பார்க்க வழியில்லை.
எண்ணத்தான் வேண்டும்.

இன்றைக்குப் பதினெட்டு, இருபது,
இருபத்தாறிலும் சக்கரம்
கையை எதிர்க்காமல் சுற்றுகிறது.
வாழைச்சேனைத் துறையில் ஏழு போட்டு
ஐஸுக்கு நிற்கிறது.
கண்டென்சருக்குக் கடல்தண்ணி இல்லை.
அசனார் போனில் கத்துகிறார்:
"ஒரு பீலி திறக்க ஒரு மணித்தியாலமா தம்பி?"

எட்டு நட்டும் கழற்றி மூடியைத் தூக்கினோம்.
உடல் வார்ப்பிரும்பு,
துரு தின்றும் தடிப்பு மிச்சம்.
இருக்கை வளையம் வெண்கலம்,
பச்சை பூத்ததோடு சரி.
தண்டுதான் இரண்டாய்க் கிடந்தது.
முறிந்த முகத்தில் பித்தளை மஞ்சள் இல்லை,
அவித்த இறாலின் நிறம்.
நாகத்தை உப்பு உறிஞ்சிவிட்டது.
மிஞ்சிய செம்பு, மரை பிசகாமல்,
அளவு பிசகாமல்,
நகத்தால் கீற உதிர்ந்தது.

பில்லில் என்ன போட்டிருக்கிறது?
"வெண்கலத் தண்டு" என்கிறாள் ஸ்ரோர் தவமலர்.
இன்னொருதரம் மெதுவாய் வாசிக்கிறாள்,
விலையையும் சேர்த்து.
புவிராஜ் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.
கடை அவன் மச்சானுடையது.

சக்கரத்துக்குப் போன மாதம்
நான்தான் நீலம் அடித்தேன்.

விடியப்புறம் மூன்றரைக்கு மாற்று வால்வு.
ஒன்று, இரண்டு…
பதினொன்றில் பைப் இருமிற்று.
நிறுத்தவில்லை. பாதியில் விட்டால்
கதவு கிடந்து அடித்து இருக்கையைத் தின்னும்.
பதினாலு. கை இறுகியது.
கால் சுற்றுப் பின்னுக்கு விட்டு
வெளியே வந்து பார்த்தேன்,
நாலு போட்டுத்தான் நின்றது.